நகத்தில் ஒரு கோடு

அதிகாரிகளுக்குத்தான் பச்சை மை. தேவயானி விழுப்புரத்தில் அதிகாரியாக இருந்தவரை, தினமும் காலையில் கணவர் ராஜவேலுதான் இரண்டு பச்சைகளைக் கலந்து அவள் பேனாவில் ஊற்றுவார். எழுதுகிறதா என்று அவளுடைய இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். எதில் எவ்வளவு என்பதை மட்டும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற பிறகு, திண்டிவனம் வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தப் பச்சையைத் தேடினாள். விழுப்புரத்து மைக்கடை அருளிடம் மறுபடியும் போனில் கேட்டாள்.

"இருக்கிற பச்சையெல்லாம் அனுப்பிட்டேங்க மேடம். நானும் கலந்து பாத்துக்கினுதான் இருக்கேன். சார் கைப்பக்குவம் வரலீங்களே."

அன்று மதியமும் பஞ்சுக்குச்சியால் தாளில் தீற்றி, தன் பழைய கையெழுத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் நீலம் தூக்கலாக இருந்தது. இன்னொன்று வாழைக்குருத்துபோல் வெளுத்திருந்தது. சலித்துப்போய் பாட்டில்களை மூடிவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள்.

தெருவில் பால்காரர் மணியடித்ததும் விழித்தாள். கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இடது கட்டைவிரல் நகத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று. கையெழுத்தின் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே பச்சை.

கோடு இன்னும் ஈரமாக இருந்தது. சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாதென்று, எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.