பெட்டிக்குள் ஒரு புகார்

குஞ்சு பொரிக்க வீட்டிலேயே செய்த தெர்மாகோல் பெட்டி அது. உள்ளே குண்டு பல்பு எரிந்தது. அதன் அடியில் இருந்த முட்டைகளில் ஒன்றுக்குள்ளிருந்து குஞ்சு கத்தியது: "அண்ணே, வேகுது! கொஞ்சம் அணைஞ்சுக்குங்களேன்."

"நான் என்ன செய்ய? தெர்மாமீட்டர் சொன்னாத்தான் அணைவேன்," என்றது பல்பு.

வெளியிலிருந்து பார்க்க வசதியாக, தெர்மாமீட்டரைக் காற்றுத் துளை ஓரமாக மாட்டியிருந்தார்கள். சிலுசிலுவென்ற காற்றில் ஆடியபடி அது சொன்னது: "சூடே பத்தலை. எரியட்டும்."

"ஒரு தடவை இங்கே வந்து பாருங்கய்யா!"

"முட்டை ஓட்டை விட்டே நீ இன்னும் வெளியே வரலை. எனக்கே சூட்டைப் பத்திப் பாடம் எடுக்கிறியா?"

பல்பு எரிந்தது. ஒவ்வொரு முட்டையாக அடங்கியது.

"பார்த்தியா," என்றது தெர்மாமீட்டர் பல்பிடம். "இப்பதான் எல்லாருக்கும் சூடு சரியா இருக்கு. ஒரு புகார் வருதா?"