ஒரு மணி நேரப் பஞ்சு

"'விஷயத்துக்கு வா, விஷயத்துக்கு வா'ன்னா, நான் என்ன கூண்டுல ஏறி சாட்சியா சொல்றேன்? நான் பேசினா உங்களுக்குப் பல் வலி அதிகமாகுதா?"

"ஆமா" என்றார் கணவர், வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் தாங்கியபடி.

பல் டாக்டருக்காகக் காத்திருந்த மற்ற இரண்டு பேரும் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

அவள் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. "எங்கம்மாவும் கடைசி நாள்ல இப்படித்தான் கன்னத்துல கையை வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். 'அதான் தெரியுமே, விஷயத்துக்கு வா' என்று அவர் வெட்டிவிட்டார்.

அம்மா போன இந்தப் பதினோரு வருஷமாக இதே இடத்தில் இதே கத்தரி.

மற்றதையெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டாவது கேட்பார். மாடிவீட்டுக் குழாய் ஒழுகுவது, மகளின் மாமியார் போனில் இழுப்பது, எல்லாம் கேட்பார். அம்மாவின் கடைசி நாள் என்று வாயெடுத்தால் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ அவசரம் வந்துவிடும். அவளும் அண்ணனிடம் சொன்னாள், மகளிடம் சொன்னாள். இவரிடம் சொல்லாதவரை அது சொன்ன கணக்கிலேயே சேரவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். ஊசி போட்டதும் உதடு தடித்த மாதிரி இருக்கும், வலி இருக்காது, அழுத்துவது மட்டும் தெரியும், நறநறவென்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கணவர் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் அது உடையாமல் இருந்ததே பெரிது. பத்து நிமிஷத்தில் கடைவாய்ப்பல் தட்டில் கிடந்தது. மூன்று ராத்திரி வீட்டையே எழுப்பிவைத்தது இந்தச் சுண்டைக்காய்தானா என்று அவள் குனிந்து பார்த்தாள்.

டாக்டரம்மா பஞ்சைச் சுருட்டிப் பள்ளத்தில் வைத்தார். ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். துப்பக் கூடாது. நாளை வரை கொப்பளிக்கக் கூடாது. சூடாக எதுவும் வேண்டாம்.

"முக்கியமா, பேசவே கூடாது."

"யாரு, அவரா நானா?"

"அவர்தாம்மா."

"அப்ப சரி."

வீட்டுக்கு வந்து அவரைச் சோபாவில் சாய்த்து, துண்டில் ஐஸ்கட்டியைச் சுற்றிக் கன்னத்தில் வைத்துக்கொள்ளக் கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பதினொன்றடிக்கக் கால் மணி நேரம் இருந்தது.

"இப்ப விஷயத்துக்கு வரேன்" என்றாள்.

அவர் கை விருட்டென்று மேலே எழும்பியது. வாயில் பஞ்சு. கை தானாகவே இறங்கியது.

சுருக்கமாகச் சொல்ல அவளுக்கு என்றைக்கு வந்தது? அண்ணன் கூப்பிட்டதில் தொடங்கி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் குடை வரைக்கும் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆனபோது அண்ணன் வீட்டு வாசலுக்கே இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போனார். போச்சு, இனி வாய் திறந்துவிடும் என்று நினைத்தாள். திரும்பி வந்தவர் உதட்டை இறுக்கி மூடியபடி உட்கார்ந்து, மேலே சொல்லு என்று கையை ஆட்டினார். டாக்டர் ஒரு மணி நேரம் சொன்னால் இரண்டு மணி நேரம் கடிக்கிற பயந்தாங்கொள்ளி. இருக்கட்டும்.

"காலையில எங்கம்மா தலை வாரி விடச் சொன்னாங்க. பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி ரெட்டைப் பின்னல் வேணுமாம். கண்ணு நல்லா தெளிவா இருந்துச்சு. ஒரு பக்கம் பின்னி முடிச்சுட்டேன். அடுத்த பக்கம் பாதியில இருக்கு. கூடத்துல என் போன் அடிச்சுது."

ஐஸ்கட்டி கரைந்து அவர் மணிக்கட்டில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"அம்மா என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, 'பின்னிட்டுப் போயேன்'னாங்க. ரெண்டே நிமிஷம்மான்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தா எட்டு நிமிஷம் ஆயிருக்கு. சீப்பு முடியிலேயே மாட்டிக்கிட்டு இருக்கு. அம்மா இல்லை."

யார் கூப்பிட்டது என்று அவர் கண்ணாலேயே கேட்டார். அவள் முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"யாரோ. ராங் நம்பர்." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் அந்தப் பக்கத்தையும் பின்னித்தான் அனுப்பினேன்."

முகம் கழுவுகிற சாக்கில் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாஷ்பேசின் ஓரத்தில் பஞ்சு இருந்தது. எடுத்துப் போட்டு வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அவள் குழாயைத் திறந்தாள். பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், மரத்த நாக்கோடு அவர் குரல் கேட்டது.

"ராங் நம்பர்கிட்ட எட்டு நிமிஷம் யாரு பேசுவாங்க? என் நீலச் சட்டை எங்கன்னு கேட்டு நான்தானே கூப்பிட்டேன். அன்னிக்கு சாயங்காலமே என் போன்ல கூப்பிட்ட நேரத்தைப் பார்த்துட்டேன். நீ ஆரம்பிச்சாலே அந்த இடத்துக்கு வந்துடுவியோன்னு பயம்."

அவள் குழாயை மூடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறக்கவில்லை.

"எதுக்கெடுத்தாலும் திட்டுவியே. இதுக்கும் ஒரே ஒரு தடவை திட்டிடேன்."