முதுகில் ஒரு திட்டு

"ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்டி. யாராவது கேட்டா வெந்நீர் கொட்டிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா, மருத்துவர் அறைக்கு வெளியே, என் மகளை மடியில் வைத்துக்கொண்டு.

மகளின் இடுப்புக்கு மேலே ஆரஞ்சுத் தோல் போலத் தடித்த ஒரு திட்டு. அம்மாவைப் பொறுத்தவரை அது மாப்பிள்ளை வீட்டுச் சீதனம். இரண்டு வருடமாக அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. நானும் கூடச் சேர்ந்து என் கணவரைக் குத்திக்காட்டியிருக்கிறேன்.

கணவரும் கூட வர, உள்ளே போனதும் டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இது தோலோட நிக்கிற விஷயம் இல்லம்மா. குழந்தைக்கு வர்ற வலிப்பும் இதோட சேர்ந்ததுதான். மரபணுக் கோளாறு. வீட்டுல யாருக்கு இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, வலிப்பு வர்றதுக்குள்ள மருந்து ஆரம்பிச்சிருக்கலாம்."

அம்மா என் கணவரைப் பார்த்தாள். அவர் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். முதுகு சுத்தமாக இருந்தது.

"நீங்க?" என்றார் டாக்டர் என்னிடம்.

"அவளுக்கு ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்று அம்மா அவசரமாக எழுந்தாள்.

நான் திரும்பி மேல்சட்டையை உயர்த்தினேன். டாக்டரின் விரல் ஓரிடத்தில் நின்றது. "உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு இருக்கே. சுத்தித் தையல் போட்ட தடம். என்ன ஆச்சு?"

முப்பது வருடமாக யார் கேட்டாலும் தயங்காமல் நான் சொல்லும் பதில்தான். அம்மா சொல்லிக்கொடுத்தது.

"மூணு வயசுல வெந்நீர்..." என்று ஆரம்பித்த நான், மேலே போக முடியாமல் அம்மாவைப் பார்த்தேன்.

அவள் என் மகளின் சட்டையைக் கீழே இழுத்து, அந்தத் திட்டை மூடிக்கொண்டிருந்தாள்.