சுவரில் ஒட்டிய சட்டம்

மூன்றாவது நாளாகத் தையல்காரி வாந்தியெடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, கழிப்பறை வாசலில் சூப்பர்வைசர் அம்மாள் நின்றிருந்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"பித்தம், மேடம்."

சூப்பர்வைசரின் பார்வை தையல்காரியின் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே இருப்பது போதாதென்று!

தையல் கூடத்திலும் நிம்மதி இல்லை. "அந்த எண்ணெய் டப்பாவ மூடித் தொலைங்க!" என்று சூப்பர்வைசர் யாரையோ பார்த்துக் கத்தினாலும், கண் மட்டும் இவள்மேலேயே இருந்தது.

வீட்டில் கணவன் சிரித்தான். "கர்ப்பிணிய வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உங்க கம்பெனி சுவத்துலயே ஒட்டியிருக்குன்னு நீதானே சொன்ன?"

"சட்டம் சுவத்துல இருக்கு. அந்தம்மா என் முதுகுக்குப் பின்னாலயே இருக்கா!"

மறுநாள் சூப்பர்வைசர் அவள் பின்னாலேயே வந்து, கழிப்பறைக் கதவைத் தாழிட்டாள்.

"பித்தத்துக்கு எத்தனை மாசம்?"

முழுப் பூசணிக்காயை இனிச் சோற்றில் மறைக்க முடியாது. "மூணு, மேடம்."

"முதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"ஐயோ, நீங்களும் சொல்லிடாதீங்க மேடம்!"

"நீயே சொல்லு. இன்னைக்கே சொல்லு. சட்டம் இருக்கு, உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நிச்சயமாவா மேடம்?"

சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். குடலே வெளியே வருவதுபோல் எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அதத்தான் தெரிஞ்சுக்கணும். உன்ன வேலைய விட்டு அனுப்பலன்னா, நானும் சொல்லிடலாம்னு பாக்கறேன்."