பதினாறாவது ஜெர்சி

"சார், நேரா கேக்கிறேன். இவனுங்களையெல்லாம் யாரு சொல்லி டீம்ல போட்டீங்க?"

கெலுகோர் மைதானத்தில் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சிதம்பரநாதன் நிமிர்ந்தார். இருபத்தாறு வருஷமாகப் பல்கலைக்கழக ஹாக்கி அணிக்கு அவர்தான் கோச். நான்கு வெள்ளிப் பதக்கம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், தங்கம் ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதம் ஓய்வு. மைதானத்துக்கு அவர் பேரை வைக்கலாமா என்று முடிவு செய்ய இன்று பத்து மணிக்குக் கூட்டம்.

கேட்டவன் லோகேஸ்வரன். ஒரு காலத்தில் அவரிடம் ஆடியவன், இப்போது முன்னாள் ஆட்டக்காரர்கள் சங்கச் செயலாளர். ஜுருவில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். கையில் பழைய அணிப் பட்டியல்கள்.

"வருஷத்துக்குப் பதினாறு பேர் சார். பதினஞ்சு பேர் ஆடியிருக்கானுங்க. பதினாறாம் நம்பர் மட்டும் ஒரு நிமிஷம்கூட இறங்கல. ஒரு வருஷம் இல்ல, இருபத்தாறு வருஷமும்!"

"ஆமா."

"ஒரு ஃபைனல்ல நம்ம ஆளு கால் பிசகி நொண்டுறான். அப்பவும் அந்தப் பதினாறு தண்ணி போத்தலோட பெஞ்சில உக்காந்திருந்தான். தங்கம் போச்சு!"

"ஆமா. அவனுக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"ஏன் சார்?"

"அத என் வாயால சொல்ல மாட்டேன்பா. பேரு வேணாம்னா விட்டுடுங்க, பரவால்ல லா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை லோகேஸ்வரன் நிறையப் பார்த்திருக்கிறான். பூசணிக்காயைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறான்.

அவன் மனசிலும் ஒரு முள் உண்டு. கடைசி வருஷம் அவனை அணியிலிருந்து தூக்கிவிட்டுத்தான், பந்தை நிறுத்தக்கூடத் தெரியாத ஒருவனுக்கு அந்தப் பதினாறாவது ஜெர்சியைக் கொடுத்தார். அழுதுகொண்டே காரணம் கேட்டபோது, "உனக்குத்தான் இங்கேயே ஆயர் ஈத்தாம்ல வீடு இருக்கே, போ" என்றார். இருபது வருஷம் ஆகியும் அந்தச் சொல் ஆறவில்லை.

பத்து மணிக்குக் கூட்டத்தில் அத்தனையையும் கொட்டினான். தலைமை தாங்கிய பேராசிரியர் யூசுப் பொறுமையாகக் கேட்டார். பட்டியல்களைப் புரட்டி, இருப்பதிலேயே பழையதை உருவி அவன் பக்கம் தள்ளினார்.

"கடைசிப் பேர படிங்க தம்பி."

"பதினாறு... யூசுப்..." லோகேஸ்வரன் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான். இன்னிவரைக்கும் ஒரு கோல் அடிச்சதில்ல."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் தூரத்துல, ஜொகூர்லேருந்து வந்தவன். முதல் வருஷம் முடிஞ்சதும் ஹாஸ்டல்ல இடமில்லன்னுட்டாங்க. வெளிய ரூம் எடுக்க வீட்டில வசதி இல்ல. சூராவ்ல தொழுதுட்டு அங்கேயே படுத்துக்குவேன். காலையில இந்த மைதானத்துக் குழாய்ல பல் விளக்குவேன். சிதம்பரநாதன் சார் ஒரு வாரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு. எட்டாம் நாள் கூப்பிட்டு, 'ஹாக்கி தெரியுமா'ன்னாரு. தெரியாதுன்னேன். 'பரவால்ல, டீம்ல சேர்த்தாச்சு'ன்னாரு."

"எதுக்கு சார்?"

"டீம்ல பேரு இருந்தா ஹாஸ்டல்ல ரூம் நிச்சயம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தினமும் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றோடு ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி வந்தவனுக்கு ஹாஸ்டல் சட்டம் எப்படித் தெரியும்?

"என்னோடதான் இது ஆரம்பிச்சது. எனக்கப்புறம் இருபத்தஞ்சு பேர். அவங்க பேரு அடிபடக் கூடாதுன்னுதான் சார் வாய திறக்கல. ஆனா என் பேர நான் சொல்லலாம் இல்ல?"

லோகேஸ்வரன் பட்டியல்களை அடுக்கி ஓரமாக வைத்தான். அன்றைக்குச் சிதம்பரநாதன் தன்னை விரட்டினார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். விரட்டவில்லை. யாரிடமும் சொல்லாத காரணத்தை அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கோபத்தில் அது அவன் காதில் ஏறவே இல்லை.

"சரி தம்பி. உங்க ஆட்சேபணைய மினிட்ஸ்ல எழுதிக்கட்டுமா?" யூசுப் பேனாவைத் திறந்தார்.

லோகேஸ்வரன் ஜன்னல் பக்கம் திரும்பினான். மைதானத்துக்குப் பின்னால் புது ஹாஸ்டல் கட்டடம் ஆறு மாடி எழும்பி, சாயம் பூசுவதற்காகச் சாரத்தோடு நின்றது.

"எழுதிக்குங்க சார். மைதானத்துக்கு அவர் பேரு வேணாம்" என்றான். "அந்த ஹாஸ்டலுக்கு வைங்க."