கறையான் புற்றில் காற்று

ஒரு கறையான் புற்றில் கோடை தாங்க முடியாமல் போனது. உள்ளறையில் முட்டைகள் வாடத் தொடங்கின. புற்றுக் கட்டும் வகுப்பு நடத்திவந்த வல்லபர், "சுவரை இன்னும் தடிமனாக்குங்கள், வெயில் உள்ளே வராது" என்று படம் போட்டுக் காட்டினார். மாணவர்கள் அப்படியே கட்டினார்கள். புழுக்கம்தான் கூடியது.

முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் செங்கனி வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, மாடு மிதித்ததில் மேல் சுவரில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. அதன் அடியில் இருக்கும் முட்டைகள் மட்டும் நன்றாக இருக்கின்றன. அதுபோல இன்னும் நாலு ஓட்டை போடலாமா?"

வகுப்பே சிரித்தது.

"ஓட்டையை அடைப்பதற்குத்தானம்மா இங்கே பாடமே நடக்கிறது" என்றார் வல்லபர்.

"ஒருமுறை உள்ளறைக்கு வந்து நின்று பாருங்கள் ஐயா."

அவர் அதுவரை அங்கே போனதே இல்லை. போனார். மூச்சு முட்டியது. விரிசலுக்கு அடியில் வந்ததும் முகத்தில் காற்று பட்டது. நேராக மேலே ஏறினார். தான் கட்டச் சொன்ன சுவரைத் தானே கடித்துத் துளைத்தார். அதைப் பார்த்த மாணவர்களும் ஓடிவந்து கடித்தார்கள்.

மதியத்துக்குள் புற்று முழுக்கக் காற்று ஓடியது. மூன்றாம் நாள் முட்டைகள் ஒவ்வொன்றாகப் பொரிந்தன. செங்கனியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆடினார்கள்.

மறுநாள் வகுப்பில் வல்லபர் படம் எதுவும் போடவில்லை.

"எல்லாரும் எழுந்திருங்கள்" என்றார். "செங்கனி வேலை செய்யும் இடத்துக்குப் போகிறோம்."