குருவம்மாளின் கோழி வழக்கு

"அவன் காலை மாட்டுங்க எசமான்! எங்கோழியத் தின்னவன் வெயில்ல கெடந்து காயட்டும்!"

இராஜபாளையம் சாவடி வாசலில் குருவம்மாள் போட்ட கூப்பாட்டில் தெருநாய்கள்கூட ஒதுங்கிப் போய்விட்டன.

"இன்னும் திங்கல மதினி. அடுப்புல கொதிச்சுக்கிட்டுதான் இருக்கு" என்றான் சங்கிலிப்பாண்டி. திருடத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு மறைக்கத் தெரியாது.

கிராம முன்சீப் சுயம்புலிங்கம் மீசையை நீவிக்கொண்டார். சில்லறைத் திருட்டுக்குத் தொழுமரத்தில் போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. கீழ்க்கட்டை, மேல்கட்டை, நடுவே இரண்டு துளை. கால்களை உள்ளே விட்டுப் பூட்டினால் பொழுது சாயும்வரை அசைய முடியாது. பழைய மரத்தைக் கரையான் தின்றுவிட்டதால் புதுமரம் நேற்றுத்தான் வந்து இறங்கியிருந்தது. யாரையாவது மாட்டிப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது.

"மாட்டுங்க எசமான், வேண்டாங்கல. நாளைக்கு மாட்டுங்க. எம்மவளப் பாக்கத் தளவாய்புரத்துல இருந்து இன்னைக்கு மாப்பிள்ளை வீட்டு வண்டி வருது. இந்தச் சாவடியத் தாண்டித்தான் வரணும். பொண்ணப் பெத்தவன் தொழுமரத்துல கெடந்தா வண்டி அப்படியே திரும்பிரும். வந்தவியளுக்கு வெறுஞ்சோறு போடக் கூடாதேன்னுதான் கோழியப் பிடிச்சேன்."

"அதுக்குத்தாம்லே இன்னைக்கே மாட்டணும்!"

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போன முன்சீப், தண்டனை எதற்கு என்று இரண்டு வக்கீல்கள் மோதிக்கொண்டதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து ஊருக்கு நிம்மதி இல்லை.

"தண்டனை எதுக்குலே? செஞ்சதுக்குக் கூலி, அது ஒண்ணு. செஞ்சவன் திருந்தணும், அது ரெண்டு. பாக்குறவனுக்குப் பயம் வரணும், அது மூணு. மூணுலயும் பெருசு பயந்தான். நாலு பேரு பாத்தாத்தான் பயம் வரும். உக்காருலே!"

சங்கிலிப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பதற்றத்தில் காலுக்குப் பதில் கையை விட்டான். பிறகு ஒரே துளைக்குள் இரண்டு காலையும் திணிக்கப் பார்த்தான்.

"மடப்பயலே, நகரு!"

முன்சீப் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தன் கால்களை வாகாக உள்ளே வைத்தார். அந்தக் காலச் சட்டப்படி பெரிய சாதிக்காரர் காலுக்குத் தொழுமரம் கிடையாது. அந்தத் தைரியம் அவருக்கு.

"இப்படி வைக்கணும். பொறவு மேல்கட்டைய எறக்கணும். தவசிமுத்து, பூட்டிக் காட்டுலே. இவனுக்குப் புரியட்டும்."

தலையாரி தவசிமுத்து சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் திண்டுக்கல் பூட்டு. அமுக்கினான்.

"சரி, தொற."

தவசிமுத்து மடியைத் தடவினான். இடுப்பைத் தடவினான். தரையைப் பார்த்தான்.

"சாவிய இங்கனதான் வச்சேன் எசமான்..."

தெருவே கூடிவிட்டது. குருவம்மாள்கூட ஏச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து குனிந்து தேடினாள்.

"கூட்டத்தப் போகச் சொல்லுலே!"

"நாலு பேரு பாத்தாத்தான பயம் வரும்னு இப்பத்தான சொன்னிய?" தவசிமுத்து கிண்டல் செய்யவில்லை. அவனுக்கு நிஜமாகவே சந்தேகம்.

வெயில் ஏற ஏற முன்சீப்பின் கொள்கை இளகியது.

"பயம் என்னலே பெரிய பயம்? திருந்துறதுதான் முக்கியம். திருந்துனவன வெயில்ல போட்டு வைக்கிறது பாவம்லா. ஏலே சங்கிலி, நீ திருந்திட்டியா?"

"நான் அப்பவே திருந்திட்டேன் எசமான். நீங்க?"

பதில் சொல்வதற்குள் மாட்டு மணி கேட்டது. தளவாய்புரத்து வண்டி! மாப்பிள்ளையின் அப்பா காளிராஜ் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தொழுமரத்துல இருக்கிறது யாரு?"

முன்சீப் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பழி தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல சமயம் யாருக்கும் வாய்க்காது. சங்கிலிப்பாண்டி முன்னால் வந்தான்.

"எங்க முன்சீப் எசமான்தான். புதுமரம் பாருங்க. ஏழை காலுக்கு எம்புட்டு நோவும்னு, தன் காலை வச்சுப் பாக்காவ."

காளிராஜ் கீழே இறங்கிக் கும்பிட்டே விட்டார்.

"இப்படியாப்பட்ட மனுசர் இருக்குற ஊரா! பொண்ணு எப்படி இருந்தா என்ன, சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான். வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்!"

முன்சீப் முகத்திலிருந்து துண்டை விலக்கினார்.

"சங்கிலி, உனக்குத் தண்டனை கெடையாது. போயி அவியளக் கவனி."

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. குருவம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள்.

"அடிப்பாவி! அவன் காலை மாட்டுன்னு கத்துனவ நீதானேட்டி?"

"கோழி போன வயித்தெரிச்சல், கத்துனேன். சம்பந்தக்காரவிய வாராவன்னு கேட்ட பொறவு மனசு கேக்கல. மரத்துல ஒரு ஆளுக்குத்தான எடம்? வண்டி தாண்டுற மட்டும் எசமான் இருந்தியன்னா, அவன் இருக்க வேண்டாம்லா!"